எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 8, 1948) இந்தியாவில் பிறந்து, ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் ஆவார். இவர் வழிநடத்திய ஆய்வுக்குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சிறுவர்களின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலில் தணியச் செய்த அமினோப்டெரின் என்னும் மருந்தும் அக்குழுவினால் உருவாக்கப்பட்டதே.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இவ்வூர் தற்போது ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. மூன்றாவது முயற்சியில் மெட்ரிக்குலேசன் தேர்வில் வென்று, சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அறுவை அங்கி அணிந்ததால் பேராசிரியரின் அதிருப்திக்கு உள்ளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக இவருக்கு எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. உணவுச் சத்துக்களைக் குடல் உறிஞ்ச இயலாது போகும் ஸ்புரூ நோய்க்குத் தம் சகோதரர் இருவரைப் பறிகொடுத்தார். 1923இல் பாஸ்டன் சென்ற இவர் பின்னர் தாயகம் திரும்பவில்லை.

ஆய்வுகள்

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து, உடல் நீர்மங்களில் பாஸ்பரசை அளவிடும் முறையை 1925இல் வெளியிட்டார். இம்முறை இருவர் பெயராலும் அறியப்படுகிறது. 1940இல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கு 1945இல் ஃபோலிக் அமிலத்தின் செயற்கைத் தயாரிப்பு கைகூடியது. இச்சத்து குறைந்தால் எலும்பு மஜ்ஜையால் முதிர்ந்த இரத்த அணுக்களை உருவாக்க இயலாது. ஸ்புரூ நோயாளிகளின் இரத்தசோகைக்கும் இக்குறையே முக்கிய காரணமாகும்.

மஜ்ஜை அணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவையெனில், அதன் செயலைத் தடுத்தால் புற்றணுக்களின் பெருக்கமும் குறையும். இந்த அடிப்படையில் உருவான அமினோப்டெரினைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற சிறுவர்களுக்கு அளித்து, 1948இல் முடிவுகளை வெளியிட்டார். நோய் தணிந்தது, ஆயினும் அது தற்காலிகமாகவே இருந்தது. அவ்வாண்டிலேயே சுப்பாராவ் தமது 53ஆம் அகவையில் நியூயார்க் மாநிலத்தில் காலமானார்.

குருத்தணுக் கொடையுடன் தொடர்பு

மருந்தால் மட்டும் குணமாகாத நோயாளிகளுக்கு, நலமுள்ள ஒருவரின் குருத்தணுக்களைச் செலுத்தும் மாற்றுச் சிகிச்சை பின்னர் வளர்ந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இது 1986இல் தொடங்கியது. கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்காதவாறு காக்கும் மருந்துகளுள், சுப்பாராவின் குழு அளித்த மெத்தோட்ரெக்சேட்டும் ஒன்றாகும்.

ஆனால் குருத்தணுக்களை எந்த ஆய்வுக்கூடமும் செய்து தர இயலாது. அவற்றை மனிதரே வழங்க வேண்டும். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. ஆகவே உறவினர் அல்லாத கொடையாளர்களின் பதிவேடுகள் தேவைப்படுகின்றன. சென்னையில் 2009இல் தாத்ரி என்னும் பதிவேடு நிறுவப்பட்டது. 18 அகவை நிறைந்த நலமுள்ள இளைஞர்கள் கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுக்கப்படும் மாதிரியை அளித்துப் பதிந்து கொள்ளலாம். தென்காசியிலோ குற்றாலத்திலோ வாழும் மாணவர் ஒருவர், தொலைவிலுள்ள முன்பின் அறியாத நோயாளிக்குப் பொருந்தக்கூடும். பெரும்பாலும் அறுவை சிகிச்சையின்றி, சில நாட்கள் ஊசிமருந்து செலுத்திய பின், இரத்தத்திலிருந்தே குருத்தணுக்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. கொடையாளரின் உடல் அவற்றை மீண்டும் உருவாக்கிக் கொள்கிறது.

நினைவு

இந்திய அரசு 1995இல் இவரது நூற்றாண்டை ஒட்டி அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைப் பேரினத்திற்கும் சுப்பாரோமைசிஸ் என இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.