பருத்தி எடுத்த பெண் விமானம் ஓட்டினாள்!

பருத்தி எடுத்த கை அது. ஊரார் வீட்டு அழுக்குத் துணியை வெளுத்த கை அது. அந்தக் கைதான் பிறகு ஆகாய விமானத்தை ஓட்டியது!

பெஸ்ஸி கோல்மன் என்பது அந்தப் பெண்ணின் பெயர். விமானி லைசென்சு பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண் அவர். பிறந்த நாட்டில் அவருக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. கடல் கடந்து போய்க் கற்றுக்கொண்டு வந்தார்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்

1892-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி டெக்சாஸ் மாநிலத்தில் அட்லாண்டா என்ற சிற்றூரில் பெஸ்ஸி பிறந்தாள். (பெயர் பெற்ற அட்லாண்டா நகரம் வேறு, அது ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறது.) பெற்றோருக்கு 13 குழந்தைகள். பெஸ்ஸி 10-வது குழந்தை.

தகப்பனார் ஜார்ஜ், பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர். அவருடைய முன்னோரில் அமெரிக்கப் பழங்குடிகளும் உண்டு. கறுப்பர் ஓட்டுப் போட முடியாது. வெள்ளையரோடு சமமாக ரெயிலில் உட்கார முடியாது. அந்த வாழ்க்கை அவருக்குச் சலித்துவிட்டது. 1901-ல் பழங்குடிகள் வாழ்ந்த ஓக்லஹோமா பகுதிக்குப் போய்விட்டார். தாய் சூசன் உடன் போகவில்லை. வாக்சஹாச்சி என்ற ஊரில் குழந்தைகளோடு தங்கி, வெள்ளையர் வீட்டில் வேலை செய்து பிழைத்தார்.

வீட்டில் தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெஸ்ஸியின் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் நாலு மைல் தூரம். நடந்துதான் போக வேண்டும். ஒரே அறைதான் பள்ளிக்கூடம். பருத்தி வெடிக்கும் காலம் வந்தால் அதையும் மூடிவிடுவார்கள். குழந்தைகள் எல்லாரும் காட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பெஸ்ஸி கணக்கில் கெட்டிக்காரி. வீட்டார் எடுத்த பருத்திக்குக் கணக்கு வைப்பது அவள் வேலை. தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஊருக்கு நூலக வண்டி வரும்போதெல்லாம் புத்தகம் வாங்கிவிடுவார். மாலையில் பெஸ்ஸி அதை உரக்கப் படிப்பாள். வீடே உட்கார்ந்து கேட்கும்.

துணி வெளுத்துக் காசு சேர்த்து, 18-வது வயதில் ஓக்லஹோமாவில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். ஒரு பருவம் முடிந்ததும் காசு தீர்ந்துவிட்டது. மறுபடியும் அழுக்குத் துணி மூட்டைதான்!

அண்ணன் செய்த கேலி

1915-ல் பெஸ்ஸி சிகாகோ நகருக்குப் போனார். அங்கே அண்ணன்மார் இருந்தனர். ஒரு முடி திருத்தும் கடையில், வருகிறவர்களின் விரல் நகங்களை வெட்டிச் சீராக்கும் வேலை கிடைத்தது.

அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அண்ணன்மார் வால்டரும் ஜானும் 8-வது இல்லினாய் படையில் சேர்ந்து பிரான்சில் போரிட்டுத் திரும்பினார்கள். அது கறுப்பர் படை.

ஒருநாள் ஜான் கடைக்கு வந்து தங்கையைச் சீண்டினார். பிரான்சு நாட்டுப் பெண்கள் விமானம்கூட ஓட்டுகிறார்கள், நம் வீட்டுப் பெண்களால் அது ஒருநாளும் முடியாது என்று சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. ரேமோண்ட் டி லரோச் என்ற பிரெஞ்சுப் பெண் 1910-லேயே லைசென்சு வாங்கிவிட்டார்.

மற்றப் பாதியைப் பொய்யாக்குவது என்று பெஸ்ஸி அந்தக் கடையிலேயே முடிவு செய்தார்.

விமானப் பள்ளிகளை அணுகினார். பெண் என்று சொல்லி மறுத்தார்கள். கறுப்பர் என்று சொல்லி மறுத்தார்கள். ஒரு பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பர்களுக்காக 'சிகாகோ டிபெண்டர்' பத்திரிகையை நடத்திய ராபர்ட் அபாட்தான் வழி சொன்னார். பிரெஞ்சு மொழியைப் படி, பணம் சேர், பிரான்சுக்குப் போ என்பது அவர் யோசனை.

பெஸ்ஸி அப்படியே செய்தார். 1920 நவம்பரில் கப்பல் ஏறினார்.

கோலும் கட்டையும்

பிரான்சின் வட கடற்கரையில் லெ குரோட்டுவா என்ற ஊரில் காட்ரான் சகோதரர்கள் ஒரு விமானப் பள்ளி நடத்தினார்கள். அங்கே இடம் கிடைத்தது.

இன்றைய விமானத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்த விமானத்தை நினைக்கக்கூடாது. மரச் சட்டம், மேலே துணி, இழுத்துக் கட்டக் கம்பி. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். மேலே கூரை கிடையாது. பிரேக்கும் கிடையாது. கையில் பிடிக்க ஒரு கோல், காலால் தள்ள ஒரு கட்டை, அவ்வளவுதான். முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவி. எஞ்சின் இரைச்சலில் அவர் பேசுவது காதில் விழாது. அவர் கோலை எப்படி அசைக்கிறார் என்பதைப் பார்த்தே பழக வேண்டும்.

உடன் படித்த ஒருவர் விமானம் விழுந்து இறந்ததை பெஸ்ஸி கண்ணால் கண்டார். நடுங்கினார். ஆனால் ஊர் திரும்பவில்லை. 1921 ஜூன் 15-ந் தேதி, உலகம் முழுவதும் செல்லும் லைசென்சு அவர் கைக்கு வந்தது!

எட்டு என்ற எண்

அந்த நாளில் விமானிக்கு உத்தியோகம் ஏது? வானத்தில் வித்தை காட்டித்தான் பிழைக்க வேண்டும். வித்தை கற்க பெஸ்ஸி மறுபடியும் ஐரோப்பா போய் வந்தார்.

1922 செப்டம்பர் 3-ந் தேதி நியூயார்க் அருகே அவருடைய முதல் காட்சி நடந்தது. அடுத்த மாதம் சிகாகோவில் பறந்தார். வானத்தில் 8 என்ற எண் போலச் சுற்றிக் காட்டினார். அது அண்ணன் ஜான் இருந்த 8-வது படைக்கு மரியாதை. கேலி செய்தவருக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

பணமும் புகழும் மட்டும் அவர் நோக்கம் அல்ல. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு விமானப் பள்ளி திறக்க வேண்டும். தன்னைப்போல் இன்னொருவர் கடல் தாண்டி அலையக்கூடாது. இதற்காகவே காசு சேர்த்தார்.

சினிமாவில் நடிக்க அழைப்பு வந்தது. ஒப்புக்கொண்டார். முதல் காட்சியில் கந்தல் உடுத்து, மூட்டை சுமந்து வர வேண்டும் என்றார்கள். தன் இனத்தாரைப் பார்த்து ஊர் சிரிப்பதற்குத் தான் உதவ முடியாது என்று வெளியேறிவிட்டார். கையில் காசு இல்லாத நேரம் அது!

1923 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே எஞ்சின் நின்று விமானம் விழுந்தது. கால் ஒடிந்தது. விலா எலும்புகளும் முறிந்தன. சொந்தமாக வாங்கிய விமானம் நொறுங்கிப் போயிற்று. மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஒரே வாசல்

1925 ஜூன் 19-ந் தேதி டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் பறந்தார். அடிமைகள் விடுதலை பெற்ற நினைவாக டெக்சாஸ் கறுப்பர் கொண்டாடும் நாள் அது. பிறகு, தான் வளர்ந்த வாக்சஹாச்சியிலும் காட்சி ஏற்பாடாயிற்று.

மைதானத்துக்கு வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். பெஸ்ஸிக்குத் தெரிந்தது. எல்லாரும் ஒரே வாசலில் வந்தால்தான் பறப்பேன் என்று சொல்லிவிட்டார். ஏற்பாடு செய்தவர்கள் வேறு வழியின்றி இணங்கினார்கள். உள்ளே உட்கார்ந்த இடம் தனித்தனிதான். அதை அவரால் மாற்ற முடியவில்லை. ஆனால் பருத்திக் காட்டுக்காரியைப் பார்க்க, அன்று அந்த ஊர் ஒரே வாசலில் நுழைந்தது.

ஒரு ஸ்பானர்

1926 ஏப்ரல் 30-ந் தேதி. புளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரம். மறுநாள் காட்சி. பாரசூட்டில் குதிப்பதாக ஏற்பாடு. எந்த இடத்தில் இறங்கலாம் என்று பார்க்க, காலையில் மேலே கிளம்பினார்.

விமானத்தை ஓட்டியவர் வில்லியம் வில்ஸ் என்ற 24 வயது மெக்கானிக். டெக்சாசில் இருந்து அந்தப் பழைய விமானத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. வழியிலேயே எஞ்சின் தொல்லை கொடுத்து, இடையில் இறக்க நேர்ந்தது. பெஸ்ஸி பின்னால் இருந்தார். எட்டிப் பார்த்தால்தான் தரை தெரியும் என்பதால் இடுப்பு வாரைப் போடவில்லை.

திடீரென்று விமானம் தலைகுப்புறப் பாய்ந்து கவிழ்ந்தது. பெஸ்ஸி தூக்கி எறியப்பட்டார். வில்சும் விமானத்தோடு விழுந்து மாண்டார். விமானத்தை இயக்கும் கருவிகளில் ஒரு ஸ்பானர் சிக்கி, அவற்றை அசைக்க முடியாமல் செய்துவிட்டது பிறகு தெரிந்தது. யாரோ மறந்து வைத்த ஸ்பானர்!

அப்போது பெஸ்ஸிக்கு வயது 34. வெள்ளையர் பத்திரிகைகள் வில்சைப் பற்றியே அதிகம் எழுதின. ஆனால் சிகாகோவில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள்.

பள்ளி திறக்காமலே பெஸ்ஸி போய்விட்டார். 1929-ல் வில்லியம் பவல் என்ற கறுப்பினத்தவர் லாஸ் ஏஞ்சல்சில் பெஸ்ஸி கோல்மன் பெயரில் விமானச் சங்கம் அமைத்தார். நிறம் பாராமல், பெண்களையும் சேர்த்துக்கொண்டு அங்கே பயிற்சி நடந்தது. 1931 முதல் சிகாகோவின் கறுப்பின விமானிகள் ஆண்டுதோறும் அவருடைய கல்லறைக்கு மேல் பறந்து மலர் தூவினார்கள்.

1992 செப்டம்பரில் மே ஜெமிசன் விண்வெளிக்குப் போனார். விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் அவர். போகும்போது பெஸ்ஸியின் படம் ஒன்றையும் எடுத்துப் போனார்.