வீடூர் தந்த தத்துவப் பேராசிரியர்

தென்னார்க்காட்டின் தொன்மையான சமணச் சிற்றூர்களுள் வீடூரும் ஒன்று. அவ்வூரில் 1880ஆம் ஆண்டு பிறந்தவர் அ. சக்கரவர்த்தி நயினார். உழவை நம்பி வாழ்ந்த நம் சிற்றூர்களில் கல்லூரி வாயிலை மிதித்தோர் மிக அரியராயிருந்த காலம் அது. அவரோ முதுகலைப் பட்டம் பெற்றுச் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக அமர்ந்தார். இந்தியக் கல்விப் பணியில் இடம்பெற்றார். கும்பகோணம் அரசினர் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார்.

மேலைத் தத்துவம் கோலோச்சிய கல்லூரி அது. அங்கே பெற்ற பயிற்சியை அவர் சமண நூல்களுக்குத் திருப்பினார். குந்தகுந்தாசாரியரின் பஞ்சாஸ்திகாயம் 1920இல் அவரது ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது.

எனினும் அவர் பணிகளுள் தலையாயது, 1936இல் நீலகேசியைச் சமயதிவாகர முனிவரின் உரையுடன் பதிப்பித்ததே எனல் தகும். அக்காப்பியத் தலைவி பழையனூர் நீலி. அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள திருவாலங்காட்டை அடுத்ததே அப்பழையனூர். உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்த நீலி, அவரிடமே அறம் கேட்டு மாணவியாகிறாள். பின்னர் ஊர்தோறும் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோருடன் வாதிடுகிறாள். பத்துச் சருக்கங்களிலும் வாளுக்கு வேலையில்லை, சொல்லே படை. அவள் மறுத்த குண்டலகேசி முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. அதன் பாடல்கள் பலவற்றின் முதற்குறிப்பேனும் எஞ்சியிருப்பது இந்த உரையினால்தான். எதிர்வாதியின் நூலுக்கும் புகலிடமான அவ்வுரையைப் பேராசிரியர் நீண்ட ஆங்கில ஆராய்ச்சி முன்னுரையோடு உலகின் முன் வைத்தார். தமிழறியாத தத்துவ அறிஞரும் அவ்வாதங்களை எடைபோட அது வழி செய்தது.

ஓய்வுக்காலமும் அவருக்கு ஓய்வாக இல்லை. தமிழ்ச் சமண இலக்கியம் பற்றிய ஆங்கில நூல் 1941இலும், கவிராஜ பண்டிதர் உரையுடன் கூடிய திருக்குறள் 1949இலும், சமயசாரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1950இலும், விரிவுரையுடன் கூடிய திருக்குறள் ஆங்கிலப் பதிப்பு 1953இலும் வெளிவந்தன. குறளாசிரியர் குந்தகுந்தரே என்ற அவர் கொள்கையை ஏலாத அறிஞர் பலர் உண்டு. நூலுக்குள்ளிருந்தே சான்று காட்டி வாதிட்ட அவரது முறையை எவரும் புறக்கணிக்க இயலாது. 1960இல் அவர் மறைந்தபோது அவருக்கு வயது எண்பதை எட்டியிருந்தது.