உயிர் காத்த வார்ப்பட்டை

பளபளக்கும் வண்ணம், பார்ப்போரை மயக்கும் வடிவம், பறக்கும் வேகம்! கார் விளம்பரங்கள் பாடும் பல்லவி இதுதான். மோதினால் உள்ளே இருப்பவன் பிழைப்பானா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் நில்ஸ் போலின்.

1920-ல் சுவீடன் நாட்டில் பிறந்தவர், பொறியாளர். சாப் நிறுவனத்தில், ஆபத்து வேளையில் விமானியை வெளியே வீசிக் காக்கும் இருக்கைகளை வடிவமைத்தார். 1958-ல் வோல்வோ அவரை அழைத்துக்கொண்டது.

அந்நாளில் இடுப்பை மட்டும் சுற்றிய பட்டை, மோதலில் வயிற்றைச் சிதைத்ததுண்டு. தலையும் மார்பும் முன்னே பாய்ந்தன. போலின், மார்புக்கும் இடுப்புக்குமாக வாரை அமைத்து, இடுப்பருகே பூட்டினார். ஒரு கையாலேயே மாட்டலாம்! 1959-ல் அது காரில் ஏறியது.

காப்புரிமையைக் காட்டிக் கோடி குவித்திருக்கலாம். வோல்வோவோ, பிற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று திறந்துவிட்டது. ஐயுற்றோருக்கு, 28,000 விபத்துகளின் ஆய்வைக்கொண்டு 1967-ல் விடையளித்தார் போலின். 2002-ல் மறைந்தார், அவர் தந்த பட்டை உலகெங்கும் உயிர் காக்கிறது.

தோழர்களே! கார் வாங்குவோரும், கூலிக்குக் கார் ஓட்டுவோரும் வண்ணத்தைக் கண்டு வாய்பிளக்க வேண்டாம். ஒவ்வோர் இருக்கைக்கும் மூன்றுமுனைப் பட்டை உண்டா? மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம்? கேட்போம்! உயிர்க்காப்பு, கூடுதல் விலைக்கு விற்கும் ஒப்பனை அல்ல. உள்ளே அமரும் ஒவ்வொருவரின் உரிமை!