அடிக்குறிப்பில் வாழும் பெயர்

பாஸ்பரஸின் அளவைக் கணக்கிடும் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை உயிர்வேதியியல் பயில்வோருக்குப் புதிதன்று. செய்முறைக் குறிப்பேட்டில் அப்பெயரை எழுதி, ஆசிரியரிடம் கையொப்பமும் பெற்றுவிடுகிறோம். ஆனால் அந்தச் சுப்பாராவ் யார், எங்கே பயின்றவர் என்று கேட்டால் விடை சொல்வோர் மிகச் சிலரே.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அது ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிட்டாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார். ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல் நோய் அவருடைய அண்ணனைக் கொண்டு போயிற்று, அவரையும் வாட்டிற்று. ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் உயிர் பிழைத்தார். இத்தகைய நோய்களுக்கு மருந்து காண வேண்டும் என்ற உறுதியோடு, மாமனாரின் பொருளுதவி பெற்று, 1923இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார்.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சியில் அமர்ந்தார். இருவரும் சேர்ந்து 1925இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். இரத்தம், சிறுநீர் போன்றவற்றிலுள்ள பாஸ்பேட்டை அமில மாலிப்டேட்டுடன் சேர்த்து ஒடுக்கினால் நீல நிறம் தோன்றும். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பாஸ்பரஸ். முறை இவ்வளவு எளியது! இதே முறையைத் தசைச் சாற்றில் கையாண்டபோது நிறம் உடனே வராமல் மெல்ல மெல்ல ஏறியது. வேறொருவராயின் கைப்பிழை என்று கொட்டியிருப்பார். எளிதில் சிதையும் ஒரு பாஸ்பரஸ் சேர்மம் அங்கே ஒளிந்திருப்பதை இவர்கள் உணர்ந்தனர். 1927இல் பாஸ்போகிரியேட்டின் வெளிப்பட்டது. 1929இல் உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைப் பற்றி எழுதினர்; அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதைத் தனியே கண்டறிந்தார்.

இத்தனைக்கும் பின் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. அங்கே உடனிருந்து, பின்னாளில் 1988இல் நோபெல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் ஃபிஸ்கின் பொறாமையால் வெளிவராமற்போய், பல ஆண்டுகளுக்குப்பின் பிறரால் மீண்டும் கண்டறியப்பட்டன என்று தெரிவித்திருக்கிறார். அச்சில் ஏறாத உழைப்பை உலகம் கணக்கில் எழுதுவதில்லை.

1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்திற்குச் சென்ற சுப்பாராவ், அங்கு ஆராய்ச்சித் தலைவராக உயர்ந்தார். அவர் வழிநடத்திய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. அண்ணனைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தாயிற்று! அக்கட்டுரையில் அவர் பெயர் பல பெயர்களுக்கு நடுவே ஒன்று. அந்த அமிலத்தை எதிர்க்கும் அமினாப்டெரின் அங்கிருந்தே டாக்டர் சிட்னி ஃபார்பருக்குச் சென்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் அதனால் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் ஃபார்பர் குழுவினர் வெளியிட்டனர். கட்டுரை ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை. ஆரியோமைசின் என்றால் நினைவுக்கு வருபவர் டக்கர். யானைக்கால் நோய்க்கு நம் நாட்டில் மக்கள் உட்கொண்ட டி.இ.சி. மாத்திரையும் இவர் தலைமையில் உருவானதே. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

எந்தக் கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று எண்ணிச் சொல்லும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964இல் அமெரிக்காவில் வெளியிடத் தொடங்கினார். அதில் அந்தப் பழைய 1925ஆம் ஆண்டுக் கட்டுரை முன்வரிசையில் நின்றது! ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் அதை அடிக்குறிப்பில் சுட்டியிருந்தனர். ஆசிரியர்கள் அறிஞர்களின் நினைவில் மங்கிய பின்னும், முறை அன்றாடம் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

இங்கே சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. சுப்பாராவின் மேற்கோள் கணக்கில் உச்சியில் நிற்பது நிறம் பார்த்து அளக்கும் ஒரு முறை. எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்துகளோ பிறர் பெயர்களின்கீழ் வரவு வைக்கப்பட்டுள்ளன. ஆகவே மேற்கோள் எண்ணிக்கை, ஒரு கட்டுரை எத்தனை பேருக்குக் கருவியாயிற்று என்பதைச் சரியாகக் காட்டும். ஒரு மனிதன் உலகுக்கு எவ்வளவு தந்தான் என்பதை அது காட்டாது. எண்ணிக்கையை வைத்தே ஆய்வாளரின் தகுதியையும் பதவியையும் முடிவு செய்யும் இக்காலத்தில், இவ்வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

இந்திய அரசு 1995இல், அவருடைய நூற்றாண்டில், அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. மாணவ நண்பர்களே! அடுத்த முறை சோதனைக் குழாயில் நீலம் ஏறும்போது, குறிப்பேட்டில் அந்த இரண்டாவது பெயரைப் பிழையின்றி எழுதுவோம். உடன் உழைத்தவர் பெயரை விடாமல் எழுதும் பழக்கத்தையும் அங்கேயே தொடங்குவோம்.