மருத்துவர்களை உருவாக்கிய மருத்துவர்

1890ஆம் ஆண்டுகளின் முற்பகுதி. தமிழ்நாட்டின் திண்டிவனத்தில் ஒரு மருத்துவர் வீட்டின் கதவை ஒரே இரவில் மூன்று பேர் தட்டினர். மூவரும் வெவ்வேறு குடும்பத்தினர். ஆயினும், மூவரும் வேண்டிய உதவி ஒன்றே. அவர்களின் இளம் மனைவியர் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தனர். அவர்களைக் காப்பாற்ற ஒரு பெண் வர வேண்டும் என்று மூவரும் மன்றாடினர்.

கதவைத் திறந்தவர் ஐடா ஸ்கடர். அவருக்கு மருத்துவம் தெரியாது. மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு அவர் கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டுச் சிகிச்சை அளிப்பதை அக்கால வழக்கம் ஏற்கவில்லை. மூவரும் ஏமாற்றத்துடன் திரும்பிச் சென்றனர். பொழுது விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். அந்தச் செய்தி ஐடாவின் வாழ்க்கையையே மாற்றியது.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் ராணிப்பேட்டையில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் அமெரிக்கர்கள். அவர் இளமையில் பஞ்சத்தின் கொடுமையைக் கண்டவர். எனவே, அமெரிக்காவில் வசதியாக வாழவே விரும்பினார். நோயுற்ற தாயைக் கவனித்துக் கொள்வதற்காகத்தான் திண்டிவனம் வந்திருந்தார். அந்த இரவுக்குப் பிறகு அவருடைய விருப்பம் மாறியது. மருத்துவம் கற்க அமெரிக்கா திரும்பினார். 1899ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கு மருத்துவப் பட்டம் பெற்ற முதல் அணிப் பெண்களுள் அவரும் ஒருவர்.

1900ஆம் ஆண்டு ஐடா வேலூருக்கு வந்தார். முதலில் வீட்டிலேயே நோயாளிகளைக் கவனித்தார். 1902ஆம் ஆண்டு 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று எழுந்தது. பெண்கள் மெல்ல மெல்ல அச்சம் நீங்கி அங்கு வரத் தொடங்கினர். மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி ஐடா கிராமங்களுக்குச் சென்றார். குடியாத்தம் செல்லும் சாலையோர மரநிழல்களில் நோயாளிகள் அவருக்காகக் காத்திருந்தனர்.

ஆனால், ஓர் உண்மை அவரை உறுத்தியது. ஒருவர் இரவு பகலாக உழைத்தாலும் எத்தனை கிராமங்களுக்குச் செல்ல முடியும்? அவர் ஓர் ஊரில் இருக்கும்போது மற்றோர் ஊரில் யாரேனும் கதவைத் தட்டினால் யார் திறப்பார்? அந்த மண்ணின் பெண்களே மருத்துவர்களாகவும் தாதியராகவும் உருவாக வேண்டும். அதுவே நிலையான தீர்வு என்று அவர் முடிவு செய்தார்.

அந்த முடிவைச் செயலாக்குவது எளிதாக இருக்கவில்லை. நோயாளியைத் தொட்டுத் தூய்மை செய்யும் தாதிமைப் பணியைப் பலர் இழிவாகக் கருதினர். பெண்களை இளம் வயதிலேயே மணம் செய்து கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அத்தகைய சூழலில் 1909ஆம் ஆண்டு ஐடா தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்து, பெண்களுக்கெனத் தனி மருத்துவப் பள்ளி அமைக்க அரசின் அனுமதியை நாடினார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிது என்று மருத்துவத் துறையின் உயர் அதிகாரி ஐயுற்றார்.

1918ஆம் ஆண்டு பள்ளி தொடங்கியபோது 151 பெண்கள் விண்ணப்பித்திருந்தனர்! அவர்களுள் சிலருக்கே இடமளிக்க முடிந்தது. பெண்களிடம் ஆர்வம் இல்லை என்ற எண்ணம் பொய்த்தது. அவர்களிடம் இல்லாதது வாய்ப்பு மட்டுமே.

அக்காலத்தில் மருத்துவத் தேர்வு மிகக் கடுமையானது. ஆண் மாணவர்களிலேயே பலர் தவறினர். ஆயினும், வேலூரிலிருந்து தேர்வெழுதிய முதல் அணியின் 14 மாணவியரும் தேர்ச்சி பெற்றனர். சாலையோரச் சிகிச்சைக்குச் செல்லும்போது ஐடா மாணவியரையும் உடன் அழைத்துச் சென்றார். மாணவியர் நூலில் கற்ற நோய்களை மரத்தடியில் நேரில் கண்டனர். கிராமத்துச் சிறுமியரோ, தங்கள் மொழி பேசும் பெண்கள் மருத்துவம் செய்வதைக் கண்டனர். தாங்களும் மருத்துவராகலாம் என்ற எண்ணத்தை விதைக்க அதைவிடச் சிறந்த வழி வேறென்ன?

1930ஆம் ஆண்டுகளின் இறுதியில் மற்றொரு சோதனை வந்தது. மருத்துவக் கல்வி பட்டப்படிப்பாக இருக்க வேண்டும் என்று அரசு விதித்தது. அதற்கேற்பக் கட்டடங்களும் கருவிகளும் ஆசிரியர்களும் தேவைப்பட்டனர். இல்லையேல், பள்ளியை மூட நேரிடும். எழுபது வயதை எட்டிய ஐடா மனம் தளரவில்லை. அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942ஆம் ஆண்டு அங்குப் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947ஆம் ஆண்டு முதல் ஆண்களும் சேர்த்துக் கொள்ளப்பட்டனர்.

ஐடா 1960ஆம் ஆண்டு மே மாதம், தமது 89ஆம் வயதில் கொடைக்கானலில் மறைந்தார். அவர் தொடங்கிய சிறிய மருத்துவமனை, இன்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக உலகப் புகழ் பெற்றுத் திகழ்கிறது. அன்று மூன்று உயிர்களைக் காக்க இயலாமல் கதவருகே நின்றவர் அவர். பிற்காலத்தில் எத்தனையோ வீடுகளின் கதவை நோக்கிச் செல்லும் மருத்துவர்களையும் தாதியரையும் உருவாக்கினார். ஒருவர் செய்யும் தொண்டு அவர் காலத்தோடு முடியலாம். அத்தொண்டைச் செய்யப் பிறரையும் ஆயத்தப்படுத்தினால் அது தலைமுறைகளைத் தாண்டி வாழும்.