நின்றுபோன சிறு இயந்திரம்



விளக்கு வாங்கும்போது எத்தனை வாட் என்று கேட்கிறோம் அல்லவா? அந்த வாட் ஒரு மனிதரின் பெயர். அவர்தான் ஜேம்ஸ் வாட்.

கெட்டில் மூடி ஆடியதைப் பார்த்து நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் என்று அவரைப் பற்றிக் கதை சொல்வார்கள். ஆனால், அவர் பிறக்குமுன்பே, 1712-இல் நியூகொமன் என்பவர் சுரங்கத் தண்ணீரை இறைக்க அப்படி ஓர் இயந்திரம் செய்துவிட்டார். உண்மைக் கதை வேறு, கேளுங்கள்.

வாட் 1736 ஜனவரி 19-இல் ஸ்காட்லாந்தில் கிரீனக் என்னும் ஊரில் பிறந்தார். நோஞ்சான் பிள்ளை. பள்ளிக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை; தாயாரே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். தந்தையின் பட்டறையில் கைத்தொழில் பழகினார். பிறகு லண்டனில் ஒரு வருடம் கருவிகள் செய்யக் கற்றார். கிளாஸ்கோவில் கடை வைக்கப் போனால், முழுப் பயிற்சி முடிக்காதவர் என்று அங்குள்ள தொழிற்சங்கத்தார் தடுத்தார்கள். 1757-இல் பல்கலைக்கழகம்தான் அவருக்கு ஓர் அறை கொடுத்தது.

1763-இல் அந்த அறைக்கு வந்து சேர்ந்தது ஒரு சிறு இயந்திரம். நியூகொமன் இயந்திரத்தின் மாதிரி அது, வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்தது. லண்டனுக்கு அனுப்பி ரிப்பேர் பார்த்தும் சரியாக ஓடவில்லை. வாட் பழுது பார்த்தார். சில தடவை அசைந்தது. நீராவி தீர்ந்து நின்றுவிட்டது.

வேறொருவர் என்றால் கூலியை வாங்கிக்கொண்டு போயிருப்பார். வாட் விடவில்லை. ஏன் நிற்கிறது? நீராவியை அளந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் உருளைக்குள்ளே குளிர்ந்த நீர் பாய்கிறது. உருளையும் குளிர்ந்துவிடுகிறது. அதை மறுபடி சூடாக்கவே பெரும்பகுதி நீராவி வீணாகிறது!

1765 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போகும்போது வழி தோன்றியது. நீராவியைத் தனியாக வேறொரு பாத்திரத்தில் குளிர வைத்தால் உருளை சூடாகவே இருக்குமே!

உடனே பணம் கொட்டவில்லை. கடன் ஏறியது. குடும்பத்துக்காகக் கால்வாய்களுக்கு நில அளவை செய்தார். 1773-இல் மனைவியையும் இழந்தார். 1775-இல் பர்மிங்காமில் போல்டன் என்பவர் பங்காளியானார். மறு வருடமே அவர்களுடைய இயந்திரங்கள் வேலைக்கு வந்தன. இயந்திரம் வைத்தவர்கள் மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கட்டணமாகக் கொடுத்தார்கள். 1819 ஆகஸ்டு 25-இல் வாட் மறைந்தார். அந்தச் சிறு இயந்திரம் கிளாஸ்கோ ஹன்டேரியன் அரும்பொருளகத்தில் பத்திரமாக இருக்கிறது.

பிள்ளைகளே, வீட்டில் பழைய பொம்மை ரயிலோ தையல் மெஷினோ சும்மா கிடக்கிறதா? எடுத்தவுடன் ஓட்டாதீர்கள். தூசியைத் துடைத்து, பழைய எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்லக் கையால் சுழற்றிப் பாருங்கள். நின்றால் ஏன் என்று கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை எதையாவது கழற்றிப் பார்த்தால் உடனே அதட்டிவிடாதீங்க. அந்த 'ஏன்' என்ற கேள்விதான் ஜேம்ஸ் வாட்டை உயர்த்தியது!