டாக்டர் அன்ஸாரி: சம்பாத்தியத்தை அமானத்தாக எண்ணிய வைத்தியர்

தேக்காவில் கடையை அடைத்துவிட்டு இரவில் பொங்கோல் வீடு திரும்பும் நம் வியாபாரச் சகோதரர்கள் பலருக்கு ஓர் ஆசை உண்டு. தம் பிள்ளை டாக்டராக வேண்டும் என்பதே அது. அல் இஸ்லாஹ் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து நின்று பேசும்போதும் பரீட்சை, கல்லூரி, செலவு என்ற பேச்சே நம் காதில் விழுகிறது. ஆசை நல்லதுதான். ஆனால் பிள்ளை எப்படிப்பட்ட டாக்டராக வேண்டும் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. அதற்கு விடையாக மர்ஹூம் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்ஸாரி அவர்களின் வாழ்க்கையை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

அன்னார் 1880ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், வட இந்தியாவில் காஜிப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த யூசுப்பூரில் பிறந்தார்கள். மார்க்கப் பற்றும் வைத்திய ஞானமும் நிறைந்த குடும்பம் அது. மூத்த சகோதரர் ஹக்கீம் அப்துல் வஹாப் அவர்கள் கண்பார்வை அற்றவர்கள். எனினும் யூனானி வைத்தியத்தில் பெரும் புகழ் பெற்று, ஹக்கீம் நாபீனா என்றே அழைக்கப்பட்டார்கள். கவிஞர் இக்பால் அவர்களும் இவர்களிடம் மருந்துண்டவர்களே. அண்ணன் யூனானி ஹக்கீம், தம்பி ஆங்கில வைத்தியர். ஒரே குடும்பத்தில் இரு வைத்தியமும் சிறந்து விளங்கின.

தமிழ் மக்களாகிய நமக்கு அன்னாருடன் தனி உறவு ஒன்று உண்டு. அவர்கள் வைத்தியம் பயின்றது சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். பின்னர் நிஜாம் அரசின் உபகாரச் சம்பளம் பெற்று பிரிட்டன் சென்று உயர்ந்த பட்டங்கள் பெற்றார்கள். இலண்டனில் லாக் மருத்துவமனையிலும் சேரிங் கிராஸ் மருத்துவமனையிலும் பணி புரிந்தார்கள். அங்கேயே தங்கியிருந்தால் செல்வமும் கௌரவமும் தாமாகவே வந்திருக்கும். ஆயினும் தாய்நாடு திரும்பி டில்லியில் வைத்தியத் தொழிலைத் தொடங்கினார்கள்.

தொழில் தழைத்து வந்த வேளையில் ஒரு சோதனை வந்தது. 1912இல் பால்கன் யுத்தம் மூண்டது. துருக்கியில் காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. இந்திய முஸ்லிம்கள் பணம் திரட்டினர். ஆனால் பணம் மட்டும் காயத்துக்குக் கட்டுப் போடாது அல்லவா? டாக்டர் அன்ஸாரி அவர்கள் ஒரு வைத்தியக் குழுவுக்குத் தலைமை ஏற்று, அவ்வாண்டு டிசம்பரில் பம்பாயிலிருந்து கப்பலேறினார்கள். அடுத்த ஆண்டின் நடுப்பகுதி வரை அந்நாட்டில் சேவை செய்தார்கள். ஒரு மாதம் கடையை மூடினால் வாடிக்கை போய்விடும் என்பதை அறிந்த வியாபாரிகள் நாம். இத்தனை மாதம் தொழிலை விட்டுச் செல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

டில்லி தரியாகஞ்சில் அன்னாரின் இல்லத்துக்குத் தாருஸ்ஸலாம் என்று பெயர். சாந்தி இல்லம் என்பது பொருள். அன்னாரும் துணைவியார் சம்சுன்னிஸா பேகம் அவர்களும், வளர்ப்பு மகள் ஜொஹ்ராவும் வாழ்ந்த அவ்வீடு விருந்தினருக்கு எந்நேரமும் திறந்திருந்தது. 1931இல் வைஸ்ராய் இர்வின் பிரபுவுடன் பேச்சு நடத்த வந்த காந்தியடிகள் தங்கியது அங்கேதான். துருக்கி எழுத்தாளர் ஹாலிதே எதிப் அம்மையார் 1935இல் டில்லி வந்தபோது உபசரித்ததும் அவ்வீடுதான்.

1924இல் இந்து முஸ்லிம் கலவரங்களால் மனம் நொந்த காந்தியடிகள் டில்லியில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அருகிலிருந்து உடல்நிலையைக் கவனித்த வைத்தியர்களில் அன்னாரும் ஒருவர். விரதம் முடிந்த நாளில் ஆரஞ்சுச் சாறு கொடுத்த கரமும் அன்னாருடையதே.

1927 டிசம்பரில், தாம் மாணவராக நடந்த சென்னை மாநகருக்கே காங்கிரஸ் மகாசபையின் தலைவராக வந்தார்கள். அம்மாநாடு முடிந்தவுடன் டிசம்பர் 29இல் பேரிடியான செய்தி கிட்டியது. உயிர் நண்பர் ஹக்கீம் அஜ்மல் கான் அவர்கள் வபாத்தானார்கள். 1920இல் அலிகாரில் தொடங்கி 1925இல் டில்லிக்கு மாறிய ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமியா கல்விச் சாலையின் முதல் வேந்தர் அவர்களே. அதன் செலவுக்கு வழி தேடி வந்தவர்களும் அவர்களே. இனி மூடிவிட வேண்டியதுதானா என்ற நிலை பிறந்தது.

அப்போது டாக்டர் அன்ஸாரி அவர்கள் வேந்தர் பொறுப்பை ஏற்றார்கள். ஆசிரியர் சிலர் மாதம் 150 ரூபாய்க்கு மேல் பெறாமல் 20 ஆண்டு உழைப்பதாக உறுதி பூண்டனர். வேந்தரும் ஆசிரியர்களும் சேர்ந்து சாலையைக் காத்தனர். 1928இல் நேரு அறிக்கை காரணமாகப் பழைய கிலாபத் தோழர்கள் பலர் அன்னாரை விட்டு விலகினர். இரு சமூகமும் ஒன்றாக வாழ வேண்டும் என்ற கொள்கைக்கு அன்னார் கொடுத்த விலை அது. ஆயினும் கொள்கையையோ கல்விப் பணியையோ கைவிடவில்லை.

1936ஆம் ஆண்டு மே மாதம், முசூரியிலிருந்து டில்லி திரும்பும் வழியில், இரயிலிலேயே மாரடைப்பால் அன்னாரின் உயிர் பிரிந்தது. வயது 55. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உடல் அந்த ஜாமிஆவின் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அச்சாலை 1988இல் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. இந்தியாவின் தலைசிறந்த மருத்துவ ஸ்தாபனமாகிய டில்லி எய்ம்ஸ் இருக்கும் பகுதிக்கும் அன்ஸாரி நகர் என்றே பெயர்.

வைத்தியம் அன்னாருக்குத் தொழில். அதில் வந்த வருவாயும் நேரமும் இறைவன் ஒப்படைத்த அமானத். அமானத்தை உரியவரிடம் சேர்ப்பதில் நம் வியாபார முன்னோர் பெயர் பெற்றவர்கள். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும்போது பணத்தோடு இந்தப் பாடத்தையும் கட்டிக் கொடுப்போமாக. வல்ல அல்லாஹ் அன்னாரின் கப்ரை விசாலமாக்கி, சுவனத்தில் உயர் பதவி அருள்வானாக. ஆமீன்.